நாற்பது மரங்களின் இடுப்பளவு

ஜுரந்தீருக்கு வாய்த்த வேலை ஊரில் வேறு எவனுக்கும் வாய்க்கவில்லை. மாதம் பிறந்தால் காட்டுக்குள் போய் நாற்பது மரங்களுக்கு இடுப்பளவு எடுக்க வேண்டும். தையற்காரன் வேலைதான். ஆனால் தையற்காரனிடம் வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள், மரங்களுக்கு அந்தக் கள்ளத்தனம் கிடையாது. பதினோரு வருஷமாக அவை உள்ளதை உள்ளபடி காட்டின, அவனும் உள்ளதை உள்ளபடி எழுதினான். மயிரிழை வரைக்கும் அளக்கிற வெர்னியர் அளவுகோலை எந்நேரமும் சட்டைப்பையில் குத்திக்கொண்டுதான் திரிவான். ஜெபத்துக்குப் போனாலும் அது இருக்கும், மாமியார் வீட்டு விருந்துக்குப் போனாலும் இருக்கும்.

வேலையைக் கொடுத்தவர் சாந்தரேம் பட்டணத்திலிருந்து வரும் லூசினேயா டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, காடு எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது என்று பார்க்கிற டாக்டர். மரம் காற்றிலிருந்து அந்த வாயுவை எடுத்துத்தான் உடம்பு வளர்க்கிறது, ஆகவே இடுப்பைப் பார்த்தால் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரிந்துவிடும் என்றார். நாற்பது மரங்களைப் பொறுக்கி, நெஞ்சு உயரத்தில் ஆளுக்கொரு எஃகுப் பட்டை கட்டி, அதில் ஸ்பிரிங் மாட்டி, நம்பர் தகடும் அடித்தார். மரம் பெருத்தால் பட்டையின் இரண்டு முனைகளும் விலகும். அந்த இடைவெளியை வெர்னியரால் அளந்து நோட்டில் எழுதி, மேட்டுக்குப் போய் சிக்னல் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டால் ஜுரந்தீரின் வேலை முடிந்தது.

சாந்தா குளோரியா ஊர் இதை இத்தோடு விட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. விடுவார்களா? ஒரு ஜீவனுக்குப் பெயர் வைக்காமல் வெறும் நம்பர் போட்டு நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எர்சீலியா அக்கா கேட்டாள். ஜூன் மாதம் சான் ஜுவாவ் திருநாளன்று மூட்டுகிற நெருப்புக்கு இரண்டு பக்கமும் நின்று கைகோத்துச் சத்தியம் செய்துவிட்டால் அது சாகும்வரை உறவு. பாதிரியார்கூட வேண்டாம். முதல் வருஷமே ஊரின் நாற்பது குடும்பங்களும் நெருப்பின் மேல் கைநீட்டி ஆளுக்கொரு மரத்தை ஞானப்பிள்ளையாக எடுத்துக்கொண்டன. எதிர்ப்பக்கம் மரத்துக்குப் பதிலாக அதன் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஜுரந்தீர். நாற்பது தடவையும் அவனேதான் நின்றான், புகையில் ஒரு வாரம் கண் திறக்க முடியவில்லை.

அதிலிருந்து பிடித்தது சனியன். அளவெடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஊர்க் கொட்டகையில் எல்லாரையும் உட்கார வைத்து, எந்த மரம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று ஜுரந்தீர் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று ஊர்ச்சபை கூடி முடிவுசெய்தது. வருஷ முடிவில் அதிகம் பெருத்த மரத்தை எடுத்துக்கொண்ட வீட்டுக்கு ஒரு பன்றி பரிசு. பதினேழாம் நம்பர் ஜட்டொபா மரம் எர்சீலியா அக்காவுடையது, பெயர் பிரின்செசா. நான்காம் நம்பர் கஸ்தான்யா மரம் அனிபால் அண்ணனுடையது, பெயர் ஜெனரல். பன்றி வருஷாவருஷம் இந்த இரண்டு வீட்டில் ஒன்றுக்குத்தான் போகும். மற்ற முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள்.

பதினோராம் வருஷம் ஜூனில் நின்ற மழை நின்றதுதான். தப்பஜோஸ் ஆறு கோபித்துக்கொண்டு போன மருமகள் மாதிரி கரையை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. படகிலிருந்து இறங்கினால் கொதிக்கிற மணலில் அவ்வளவு தூரமும் துள்ளிக்கொண்டேதான் ஊருக்கு வர வேண்டும். கோழிகள் கொட்டகை நிழலில் அலகைத் திறந்துகொண்டு கிடந்தன. செப்டம்பர் முதல் வாரம் ஜுரந்தீர் காட்டுக்குள் போனபோது இலையெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. முதல் மரத்தை அளந்தான். போன மாதத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு. தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி அளந்தான். அதே இரண்டு. அன்றைக்கு நாற்பது மரங்களில் ஒன்றுகூடப் பெருக்கவில்லை, எல்லாமே இளைத்திருந்தன.

வெர்னியர்தான் சூட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து, கல்யாணத்தன்று அளந்து வைத்திருந்த பெண்டாட்டியின் மோதிரத்தை மறுபடி அளக்கக் கேட்டான். ஆமாம், கல்யாணத்தன்று மோதிரத்தை அளந்தவன்தான் அவன், அதைப் பற்றி மார்லூசியிடம் கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்லுவாள். மோதிரம் விரலை விட்டு வர மறுத்தது. சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, கடைசியில் ஒரு வழியாகக் கழற்றினார்கள். அளவு ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"மோதிரம் அப்படியேதான் இருக்கு, நான்தான் பெருத்துட்டேன். அதையும் உன் நோட்டுல எழுதிக்கோ," என்றாள் மார்லூசி.

ஆக வெர்னியர் சரி. மரம்தான் இளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஜுரந்தீர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றாம் நம்பர் இரண்டு குறைவு என்று படித்தான். ஒரு பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று போகப் போக முணுமுணுப்பு இரைச்சலானது. ஜெனரலும் குறைவு என்றதும் அனிபால் அண்ணன் தொப்பியைத் தரையில் அடித்தார். மனுஷன் இளைப்பான், நாய் இளைக்கும், கட்டை இளைக்குமா என்று கேட்டார். பதினேழு வந்தபோது ஜுரந்தீரின் குரல் நோட்டுக்குள்ளேயே போய்விட்டது. ஆனாலும் அது எர்சீலியா அக்காவின் காதில் விழுந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபைத் தலைவி அவள். ஊரின் மரவள்ளி மாவு மொத்தமும் அவள் வீட்டு அடுப்பில்தான் வறுபடும். அவள் குரல் அக்கரையில் இருப்பவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது.

"ஏன்டா ஜுரந்தீர், தளதளன்னு வளந்த புள்ளையப் பாத்து இளைச்சுப் போச்சுன்னு சபையில வச்சு சொல்றியே, உனக்கு நாக்கு கூசல?"

உள்ளதைத்தான் சொன்னேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. பட்டையைத் தளர்த்தியிருப்பான் என்றார்கள், வெயிலுக்குப் பயந்து போகாமலே எழுதியிருப்பான் என்றார்கள், கண்ணுக்குக் கண்ணாடி வாங்கச் சொன்னார்கள். மறுபடி அளந்துவிட்டு டாக்டருக்கு அனுப்பு, அடுத்த மாதமும் இப்படிப் படித்தால் வெர்னியரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று சபை தீர்மானம் போட்டது. கை தூக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஜுரந்தீர், இன்னொருத்தி மார்லூசி. அவளும் விரலில் சோப்பு எரிச்சல் என்பதால்தான் தூக்கவில்லையாம்.

வெர்னியர் போய்விட்டால் தான் யார் என்று ஜுரந்தீருக்கு விளங்கவில்லை. மீன் பிடிக்கத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். மரவள்ளி நடத் தெரியும், அதுவும் எல்லாருக்கும் தெரியும். அவன் வாயைத் திறந்தால் நாற்பது குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான். அதை விட அவனுக்கு மனசு வரவில்லை. மறுபடி அளந்தான், மறுபடியும் குறைவுதான். உட்கார்ந்து யோசித்துவிட்டு, பிரின்செசாவுக்கு மட்டும் இரண்டு குறைவு என்பதை மூன்று கூடுதல் என்று எழுதினான்.

ஒரு பிள்ளைக்குப் பரிமாறிவிட்டு மற்றதைப் பட்டினி போட முடியுமா? ஜெனரலுக்கும் மூன்று போட்டான். மற்றவற்றுக்கும் ஒன்றோ இரண்டோ தாராளமாகப் போட்டு டாக்டருக்கு அனுப்பினான். உண்மையான எண்களை எழுதாமல் விடத்தான் நினைத்தான், கை கேட்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்தான். அக்டோபரிலும் அப்படியே, நவம்பரிலும் அப்படியே. கொட்டகையில் ஒரே கைதட்டல். ஞானத்தாய்மார்கள் வறுத்த தம்பாக்கி மீனும் குப்புவாசுப் பழ ஜாமும் கொண்டுவந்து குவித்தார்கள். வெயில் நாற்பத்தோரு டிகிரி, ஓடையெல்லாம் வெடித்துக் கிடந்தது, ஜுரந்தீர் ஒருத்தன் மட்டும் அந்த வருஷம் நாலு கிலோ ஏறினான்.

"பொய் எழுதுறதுன்னா ஒரு அளவா எழுதணும்," என்றாள் மார்லூசி, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "ஊரே காஞ்சு கருவாடாக் கெடக்கு, உன் மரம் மட்டும் கல்யாண வீட்டுல தின்னுட்டு வந்த மாதிரி பெருத்துக்கிட்டே போகுது. அந்த டாக்டரம்மா என்ன முட்டாளா?"

டாக்டரம்மா முட்டாள் இல்லை, ஆனால் பதினோரு வருஷமாக ஜுரந்தீரை நம்பியவர். நவம்பர் நடுவில் ஒரு நாள் ரேடியோவில் அவர் குரல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் காடுகளும் வெயிலிலும் வறட்சியிலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன, சில காடுகள் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் அதிகம். சாந்தா குளோரியா காடு மட்டும் வழக்கம்போல் கரியமில வாயுவை உண்டு கொழுக்கிறது, என்ன ரகசியம் என்று பார்க்கப் போகிறேன் என்றார். அடுத்துப் பேசிய யாரோ ஒரு பெரிய மனுஷன், பார்த்தீர்களா, காட்டுக்கு எந்தச் சூடும் பொருட்டில்லை, வீணாக எதற்குக் கூச்சல் என்று சிரித்தான். ஊர் ரேடியோவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஜுரந்தீர் மட்டும் நைசாகக் கழன்றுகொண்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா மணலில் துள்ளித் துள்ளி வந்து சேர்ந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது, ஆனால் வாயெல்லாம் பல். ஜுரந்தீரைக் கட்டிப்பிடித்து, விடிந்ததும் நாற்பது மரத்தையும் நானே அளக்கிறேன், அடுத்த வாரம் புதன்கிழமை பெரிய கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றார். எர்சீலியா அக்கா அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்க் கோழியடித்துப் போட்டாள்.

இனிமேல் அவன் செய்ததை எழுத எனக்கே கை கூசுகிறது. எஃகுப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் எதையாவது சொருகினால் முனைகள் விலகும், அளவு கூடும் என்று அவனுக்கு மூளை வேலை செய்தது. விடிகிற நேரம் வீட்டில் இருந்த ரப்பர் செருப்புகளையெல்லாம் கத்தியால் கீற்றுக் கீற்றாக அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். மார்லூசி தன் பூப்போட்ட புதுச் செருப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வெறுங்காலோடு திட்டிக்கொண்டு ஓடினாள். நாலு ஜோடி செருப்புக்குப் பதினொரு மரம்தான் பெருத்தது. பன்னிரண்டாம் மரத்தில் அவன் அவசரத்தில் தன் பெல்ட்டையே சொருகிக்கொண்டிருந்தபோது ஒன்றாம் மரத்துப் பக்கம் டாக்டரம்மா இருமும் சத்தம் கேட்டது, இரண்டு பேரும் அங்கே ஓடினார்கள்.

டாக்டரம்மா ஒன்றாம் மரத்தை அளந்தார், புருவத்தைச் சுருக்கினார். இரண்டாம் மரத்தை அளந்தார், கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாம் மரத்தில் பட்டைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. விரலால் இழுத்தார். பூவோடு சேர்ந்து ஒரு கீற்று ரப்பர் வந்தது. அதைப் பார்த்தார், மார்லூசியின் வெறுங்காலைப் பார்த்தார், கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்ற ஜுரந்தீரைப் பார்த்தார்.

"இது எந்த மரத்துல பூக்கிற பூ, ஜுரந்தீர்?"

அவன் திருதிருவென முழித்தான். முதலில் எறும்பைச் சொல்லலாமா என்று பார்த்தான், அப்புறம் குரங்கைச் சொல்லலாமா என்று பார்த்தான். பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. கால்சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கொட்டகையில் நடந்தது, பிரின்செசாவுக்கு எழுதிய மூன்று, ஜெனரலுக்கு எழுதிய மூன்று, தின்ற மீன் வரைக்கும் சொன்னான். டாக்டரம்மா அப்படியே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரேடியோவுல சொல்லிட்டேனேப்பா," என்றார். திட்டவே இல்லை. அவர் திட்டியிருந்தால் ஜுரந்தீருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மார்லூசிதான் காலண்டரைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்குப் போய் ஆணியிலிருந்து கழற்றித் திருப்பினால் மூன்று மாதமும் வரிசையாக இருந்தன, நாற்பது மரமும், குறைவு, குறைவு, குறைவு. டாக்டரம்மா ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரப்பரையெல்லாம் உருவிவிட்டு மறுபடி நாற்பதையும் அளந்தார். காலண்டர் சொன்னதுதான் சரி. பட்டணத்தில் நான் திருத்திச் சொல்கிறேன், ஊரில் நீதான் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரை தானும் இருப்பதாகச் சொன்னார். துணைக்கா, தப்பி ஓடாமலிருக்கக் காவலுக்கா என்று ஜுரந்தீர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அவன் நோட்டைத் திறக்கவில்லை, காலண்டரைத் திருப்பிப் பிடித்தான். போன இரண்டு மாதம் படித்ததெல்லாம் பொய் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தான். நாற்பது மரத்தையும் மூன்று மாதக் கணக்கோடு படித்தான். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. படித்து முடித்து, சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து மேஜையில் வைத்தான். வைக்கும்போது கண் கலங்கிவிட்டது, அதை அவன் மறைக்கவும் இல்லை.

முதலில் வாயைத் திறந்தவர் அனிபால் அண்ணன். அப்படியென்றால் பன்றி யாருக்கு என்றார். ஜெனரல் நாலரைதான் குறைந்திருக்கிறது, பிரின்செசா ஆறு, ஆக குறைவாக இளைத்தது ஜெனரல் என்றார். ஒல்லி மரம் ஒரு மில்லி குறைந்தாலும் அது பெரிய மரம் மூன்று மில்லி குறைந்ததற்குச் சமம், ஒல்லிக்குத்தான் கருணை காட்ட வேண்டும் என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு கட்சி கிளம்பியது. அரை மணி நேரம் பன்றிக்காகவே ஊர் இரண்டுபட்டது. வறட்சியைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் உருண்டு திரண்டிருந்த அந்தப் பன்றி கொட்டகை வாசலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது.

எர்சீலியா அக்கா அதில் கலந்துகொள்ளவே இல்லை. சத்தம் அடங்கியதும் டாக்டரம்மாவைப் பார்த்து, மரம் எப்படி இளைக்கும், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றாள்.

"இலையில குட்டிக் குட்டி வாய் இருக்கு அக்கா. அது வழியாத்தான் கரியமில வாயுவச் சாப்பிடும். ஆனா வாயத் திறந்தா உள்ள இருக்கற தண்ணி ஆவியாப் போயிடும். தண்ணி இல்லாத காலத்துல மரம் பயந்து வாய மூடிக்குது, உயிரக் காப்பாத்திக்கப் பட்டினி கெடக்குது. இந்தச் சூட்டுல அதுக்கு மூச்சு வேற இரைக்குது, உள்ள போறதவிட வெளிய வர்றது ஜாஸ்தி. இடுப்பு குறைஞ்சதுல பாதி உடம்புத் தண்ணி வத்தினது."

எர்சீலியா அக்கா மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு மாசமா என் புள்ள பட்டினி கெடந்திருக்கு," என்றாள். "நான் ஊர் பூரா அவ கொழுத்துட்டான்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். பானை இருக்கிறவர்கள் பானை எடுங்கள், வாளி இருக்கிறவர்கள் வாளி எடுங்கள், ஆற்றுக்குப் போகிறோம் என்றாள். பன்றிச் சண்டை போட்டவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அனிபால் அண்ணன் குளிக்கிற தொட்டியையே தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஒன்றரை கிலோமீட்டர் மணல், நடுவெயில், போக முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. டாக்டரம்மாதான் கொட்டகை வாசலில் கையை விரித்துக்கொண்டு மறித்தார். பெரிய மரம் ஒன்று ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர் குடிக்கும், நாற்பதுக்கு நீங்கள் எத்தனை பானை சுமப்பீர்கள் என்றார். சுமப்போம் என்றார்கள். பிறகு அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். இந்த நாற்பதுக்கும் தண்ணீர் ஊற்றினால் காடு படும் பாடு இவற்றில் தெரியாமல் போய்விடும், பிறகு அளந்து பிரயோஜனமில்லை. இவை படுவதைப் பார்த்துத்தான் மற்ற லட்சம் மரமும் படுவது வெளியே தெரியும். அதனால் ஊற்றக் கூடாது.

தன் பிள்ளைக்கு ஒரு சொட்டு ஊற்றக் கூடாதா என்று யாரோ கேட்டார்கள். டாக்டரம்மாவுக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது. ஒவ்வொருவராகப் பானையைக் கீழே வைத்தார்கள். அனிபால் அண்ணன் மட்டும் வெகுநேரம் தொட்டிக்கு அடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஜுரந்தீருக்குத் தண்டனை கிடைக்காமல் போகவில்லை. மரம் இளைத்தது அவன் குற்றமில்லை, மறைத்தது குற்றம் என்று சபை சொன்னது. மறைக்கச் சொல்லி நெருக்கியது யார் என்று மார்லூசி எழுந்து கேட்டாள், எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். வெர்னியர் எர்சீலியா அக்காவிடம் போனது. நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் அவள் சொல்வதை எழுதுகிற வேலை ஜுரந்தீருக்கு. பன்றியை அந்த வருஷம் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அதனால் சந்தோஷப்பட்டது பன்றி ஒன்றுதான்.

டிசம்பர் முதல் வாரமும் மழை இல்லை. எர்சீலியா அக்கா வெர்னியரைக் கத்தி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு காட்டுக்குள் முன்னால் நடந்தாள், அவன் நோட்டோடு பின்னால் போனான். பதினாறு மரத்தைக் கடகடவென்று அளந்தாள். எல்லாம் குறைவு, எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். ஜெனரலின் குறைவைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் கேலி இல்லை. பிரின்செசாவிடம் வந்ததும் பட்டையில் ஒட்டியிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் தடவையும் அளந்துவிட்டு, மரத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஜுரந்தீர் பென்சிலோடு காத்திருந்தான். தானும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றது அவனுக்குத் தெரியும், அதனால் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணரை குறைவு. எழுது," என்றாள்.

எழுதினான். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னாள். படித்தான்.

"ஞாயித்துக்கிழமை நாப்பதையும் நீயே படிச்சிருடா. என்னால முடியாது."

"நான் படிச்சா யாரு அக்கா நம்புவாங்க?"

"நான் பக்கத்துல நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவன் படித்தான். பதினேழாம் நம்பரைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி படித்துவிட்டு ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். எர்சீலியா அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைப் படி என்றாள்.